அமீரகம்: ஒரு சொல்லின் வரலாறு

வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்வோர் பெருகிய இக்காலத்தில் 'அமீரகம்' என்னும் சொல்லை அறியாதார் நம்மில் இலர். ஆயின் அதன் வேரை அறிந்தோர் சிலரே.

அரபியில் 'அம்ர்' என்றால் கட்டளை. கட்டளையிடும் உரிமை பெற்றவர் 'அமீர்'. தொடக்கத்தில் இது படைத்தலைவரைக் குறித்தது. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் 'அமீருல் முஃமினீன்' என்று அழைக்கப்பட்டார்கள். அமீரின் பதவியும் அவர் ஆளும் நிலமும் 'இமாரத்' எனப்பட்டன. அதனையே நாம் 'அகம்' சேர்த்து அமீரகம் என்கிறோம். 1971 டிசம்பர் 2ஆம் நாள் ஆறு இமாரத்துகள் ஒன்றிணைந்தன. 1972இல் ராஸ் அல் கைமா சேர, ஐக்கிய அரபு அமீரகம் ஏழாக நிறைவுற்றது.

இச்சொல் தமிழகத்திற்கும் புதிதன்று. வத்தல்மலையைச் சூழ்ந்த நம் தருமபுரிப் பகுதி அன்று பாராமகால் எனப்பட்டது. திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த அது, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அடுத்து ஆற்காட்டின் முறை வந்தது. 1801இல் நவாபின் ஆட்சியதிகாரம் முழுவதையும் கம்பெனி ஏற்றுக்கொண்டது. பட்டமும் வருவாயில் ஒரு பங்குமே அவருக்கு எஞ்சின. 1855இல் குலாம் கவுஸ் கான் மகப்பேறின்றி மறைந்தபோது அப்பட்டமும் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1867இல் விக்டோரியா அரசியார், அவருடைய சிறிய தந்தை அஜீம் ஜாவுக்கு 'அமீரே ஆற்காடு', அதாவது ஆற்காட்டு இளவரசர் என்னும் பட்டத்தை வழங்கினார். சென்னை இராயப்பேட்டையிலுள்ள அமீர் மகால் அவ்வழியினரின் இல்லமாயிற்று.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. அமீர் என்ற பெயர் கிடைத்தது. 'அம்ர்' என்னும் கட்டளை உரிமை மட்டும் திரும்பவில்லை. வேர் அறுபட்ட பின் சொல் மட்டும் நின்றது.

'நவாப்' என்னும் சொல்லும் ஒரு பாடம் சொல்கிறது. பிரதிநிதி எனப் பொருள்படும் 'நாயிப்' என்பதன் பன்மையிலிருந்து பிறந்தது அது. பிறர் சார்பில் பொறுப்பேற்றவரே நவாப். அமீரோ நவாபோ, பதவி என்பது உடைமையன்று, ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை மறந்தால் பட்டங்கள் வெறும் ஓசையாகிவிடும். ஊர்ப்பொறுப்பு ஏற்கும் எவருக்கும் இது பொருந்தும்.