பாஸ்கரர் வைத்த பொற்கணக்கு

லோஹேகாவில் வாழும் நம் குடும்பங்களில் மாலைதோறும் ஒரு முணுமுணுப்பு எழுவதுண்டு. விலை வேறுபட்ட இருவகை அரிசியை எவ்விகிதத்தில் கலத்தல் வேண்டும் என்னும் வினாவின்முன் பிள்ளைகள் திகைத்து அமர்ந்திருப்பர். இது மேனாட்டார் ஏற்றிவிட்ட சுமை என்று பெற்றோராகிய நாமும் ஆறுதல் கூறிவிடுகின்றோம். அஃது உண்மையன்று. நாம் குடிபுகுந்த இம்மராட்டிய மண்ணிலேயே பயின்று வந்த பழங்கணக்கு அது.

சாளீஸ்காவை அடுத்த பாட்டண் என்னுமிடத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. பாஸ்கராச்சாரியாரின் நூல்களைப் பயிற்றுதற்கென, அவர் பேரர் சங்கதேவர் 1207ஆம் ஆண்டளவில் மடம் நிறுவிய செய்தியை அது கூறும். 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியிலே பொற்கலவைக்கெனத் தனிப் பகுதியே அமைந்துள்ளது.

ஒரு கணக்கைக் காண்போம். 13 மாற்றுப் பொன் 10 மாஷம். 12 மாற்று 4. 11 மாற்று 2. 10 மாற்று 4. இவற்றை ஒன்றாக உருக்கினால் மாற்று யாது? எடையை மாற்றால் பெருக்கிக் கூட்டினால் 240 வரும். மொத்த எடையாகிய 20ஆல் வகுக்க, விடை 12. அடுத்து அவர் கேட்பதே சுவையானது: புடமிட்டபின் எடை 16 மாஷமாகக் குறைந்தால்? கழிந்தது மாசேயன்றிப் பொன்னன்று. ஆதலின் 240 மாறாது நிற்கும். மாற்று 15 ஆகிவிடும். (தூய பொன்னுக்கு அவர் கொண்ட அளவு 16. நம் வழக்கிலோ பத்தரை மாற்று!)

மற்றொன்று: 16 மாற்றும் 10 மாற்றும் கலந்து 12 மாற்றாயின. எடைகள் எவை? எடைகளை அ, ஆ எனக் கொண்டால்,

16அ + 10ஆ = 12(அ + ஆ)

அதாவது 4அ = 2ஆ. உயர்ந்த பொன் ஒரு பங்கு, தாழ்ந்தது இரு பங்கு. மாற்றின் வேறுபாடுகளை எடுத்து இடம் மாற்றி வைத்தே பாஸ்கரர் இவ்விடையைப் பெற்றார்.

அவருக்கும் முன்னர், 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்து மகாவீரரும் கணிதசாரசங்கிரகத்தில் பொற்கலவைக் கணக்குகளை வைத்துள்ளார். அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் அச்சேற்றியவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் என்பது நமக்குப் பெருமிதம் தரும் செய்தி.

பழைய நகையை மாற்றச் செல்லும் நம் மகளிருக்கு இக்கணக்கு இன்றும் உதவும். 22 காரட் 6 கிராமும் 18 காரட் 2 கிராமும் சேர்ந்து உருகி ஒரு சவரனாயின் 132உம் 36உம் கூடி 168. அதனை 8ஆல் வகுக்க வேண்டும். கடைக்காரர் உரைகல்லை எடுக்குமுன்னரே நாம் தாளில் 21 என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்.