காற்றுக்கு யார் கணக்கு வைத்தது? பேராக் மரங்களும் ஈயமும்

கோலகங்சாரில், மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது. ரப்பர் தொழிலின் தொடக்கம் என்று வகுப்பில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பேராக் காற்றை உள்ளே இழுத்த மரம் அது. படிக்கத் தெரிந்தால் அதுவும் ஒரு முதன்மை மூலம்தான்.

எப்படிப் படிப்பது? அமெரிக்க வானியலாளர் ஏ. இ. டக்ளஸ், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர வளையங்களை ஆண்டுவாரியாக எண்ணும் முறையை வளர்த்தெடுத்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு வளையத்திலும் ஈயம், காட்மியம் எவ்வளவு என்று அளந்தார்கள். 1923-இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2021-இல்தான் கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சாலையோர மரங்களில் தேடினார்கள். “சார், மரத்தை வெட்டினாத்தானே தெரியும்?” என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான். வேண்டாம்ப்பா. பென்சிலைவிட மெல்லிய குச்சியாகத் துளைக்கருவியால் உருவினால் போதும்.

ஆனால் நம் ஊரில் சிக்கல் இருக்கிறது. இங்கே குளிர்காலம் கிடையாது. பல மரங்களில் வளையம் தெளிவாக விழாது. ரப்பர் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்க்கும். பால் வெட்டியவர்களுக்கு அது நல்லாவே தெரியும்: பாலும் குறையும், சம்பளமும் குறையும். அப்படியும் அதன் வளையத்தை நம்பி ஆண்டு சொல்ல முடியாது. தேக்கு பரவாயில்லை. ஜாவாத் தேக்கில் பெர்லாகே நானூறு ஆண்டு வளைய வரிசையை 1931-இல் வெளியிட்டார். இன்னொன்று: சில உலோகங்கள் சாற்றோடு ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு நகரும். ஆண்டு சரியாக இருந்தும் அளவு ஏமாற்றலாம்.

இதெல்லாம் வெறும் ஆய்வுக்கூட விஷயமில்லை. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவான அமாங்கிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பிரித்தார்கள். தோரியம் கழிவு மிஞ்சியது. (நாம் ‘ஈயச் சுரங்கம்’ என்று சொன்னாலும் அது வெள்ளீயம், நச்சு ஈயம் வேறு. மாணவர்கள் இங்கேதான் குழம்புவாங்க.) 1985-இல் குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலை 11-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கில் வென்ற ஆலை, 1994-இல் தானாகவே மூடப்பட்டது!

இரு தரப்பு நிபுணர்களும் அளவீடுகளை வைத்துத்தான் மோதினார்கள். ஒரு மரம் அங்கே என்ன சொல்லியிருக்கும்? தோரியம் சிதைந்தால் கடைசியில் ஈயம்-208 ஆகும். பெட்ரோலில் கலந்த ஈயத்தின் கலவை விகிதம் வேறு. ஆகவே 1982-க்கு முன்னும் பின்னும் வளர்ந்த கட்டையை ஒப்பிட்டால், ஈயம் லாரிப் புகையில் வந்ததா, மோனசைட்டில் வந்ததா என்று கொள்கையளவிலாவது கேட்டுப்பார்க்கலாம்.

அதற்கு மரம் இருக்க வேண்டுமே. தோட்டங்களில் 25, 30 ஆண்டில் ரப்பரை வெட்டி மறுநடவு செய்வது வழக்கம். பிறகு செம்பனை வந்தது. அது வளையமே போடாது. அந்தக் காலத்து ரப்பர் கட்டைகளில் பல நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறிவிட்டன.