சுப்பராம தீட்சிதர்: இசையை எழுத்தாக்கிய வாக்கேயக்காரர்

கருநாடக இசை வரலாற்றில் தீட்சிதர் என்னும் பெயர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரையே முதலில் நினைவூட்டும். அவர் குடும்ப மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் (1839-1906) 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' என்னும் நூலின் ஆசிரியராக அறியப்பட்ட அளவிற்கு வாக்கேயக்காரராக அறியப்படவில்லை. எனினும், பாடல் இயற்றும் பயிற்சியும் பாடலை எழுத்தில் பதிவு செய்யும் பணியும் அவரிடம் ஒன்றையொன்று வளர்த்தன. இவ்விணைப்பு மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்க சில செய்திகளைத் தருகிறது.

திருவாரூரில் பிறந்த இவரை, முத்துசுவாமி தீட்சிதரின் இளவலும் இவருடைய தாய்வழிப் பாட்டனாருமான பாலுசுவாமி தீட்சிதர் மகனாகத் தத்தெடுத்து எட்டயபுரத்தில் வளர்த்தார். வடமொழியும் தெலுங்கும் கற்ற இவர், இளமையிலேயே எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். வர்ணம், கீர்த்தனை, இராகமாலிகை ஆகிய வடிவங்களில் பாடல்கள் இயற்றினார். சங்கராபரண இராகத்தில் அமைந்த 'சங்கராசார்யம்' என்னும் வடமொழிக் கீர்த்தனை இன்றும் பாடப்படுகிறது.

முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள் மாணவர் வழியாகவும் குடும்பத்தார் வழியாகவும் செவிவழியே வழங்கிவந்தன. இம்மரபின் முழுப்பயிற்சி பெற்றவர் மறைந்தால் பாடல்களின் பழைய அமைப்பும் மறையும் நிலை இருந்தது. தியாகராசரின் கீர்த்தனைகளை மேனாட்டு இசைக்குறியீட்டில் வெளியிட்டுவந்த சின்னசாமி முதலியார் இதனை உணர்ந்து, குடும்ப மரபை நூலாக்குமாறு வேண்டினார். எட்டயபுரம் அரசரின் ஆதரவுடன் 1904இல் ப்ரதர்சினி தெலுங்கில் வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் சுரதாளக் குறிப்புடன் அதில் இடம்பெற்றன. இசைவாணர் வரலாறுகளும் இலக்கணச் செய்திகளும் உடன் சேர்க்கப்பட்டன.

சுரத்தின் பெயரை மட்டும் எழுதினால் இராகத்தின் உருவம் கிடைக்காது. சுரத்தின் அசைவாகிய கமகத்தையும் காட்ட வேண்டும். இதற்கெனத் தீட்சிதர் தனிக் குறிகளைப் பயன்படுத்தினார். கம்பிதத்திற்கு அலைபோன்ற கோடும், ஏறியும் இறங்கியும் வழுக்கிச் செல்லும் ஒலிக்குச் சாய்கோடுகளும் அமைந்தன. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இடுகுறியாக இருக்க, இக்குறிகள் ஒலியின் இயக்கத்தையே வரைந்து காட்டுகின்றன.

கலைச்சொற்களும் நோக்கத்தக்கன. கம்பிதம், ஸ்புரிதம் போன்ற வடமொழி நூல்வழக்குப் பெயர்களோடு நொக்கு, ரவை, கண்டிப்பு போன்ற வீணைப் பயிற்சி வழக்குகளும் நூலில் இடம்பெறுகின்றன. 'ஏற்ற ஜாரு', 'இறக்க ஜாரு' என்னும் தொடர்களில் தமிழ் அடைகள் தெலுங்குச் சொல்லோடு கூடியுள்ளன. 'கண்டிப்பு' என்பதில் வடசொல் அடியோடு தமிழ் விகுதி இணைந்துள்ளது. பயில்வோர் நாவில் வழங்கிய சொற்களை விலக்காமல் ஆசிரியர் தெலுங்கு நூலில் நிலைபெறச் செய்தமை கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்க்கு நல்லதொரு முன்மாதிரியாகும்.

பின்னர்ச் சென்னை மியூசிக் அகாடமி இந்நூலைத் தமிழ் எழுத்தில் பல தொகுதிகளாக வெளியிட்டது. வடமொழிப் பாடலைத் தமிழ் எழுத்தில் பெயர்க்கும்போது வேறொரு சிக்கல் தோன்றுகிறது. 'பலம்' என எழுதினால் அது வலிமையைக் குறிப்பதா, பயனைக் குறிப்பதா என்பது எழுத்தால் விளங்காது. தமிழ் இசைநூல்கள் வல்லின எழுத்துகளோடு 2, 3, 4 என்னும் எண்களை இட்டு இவ்வேறுபாட்டைக் காட்டுவது வழக்கம். ஆகவே இசைக்கு வேண்டிய கூடுதற் குறிகளைப் போலவே சொல்லுக்கும் கூடுதற் குறிகள் தேவைப்பட்டன எனலாம்.

நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில் சுப்பராம தீட்சிதர் மறைந்தார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் அவர்மீது இரங்கற்பா பாடினார். பிறர் பாடல்களைக் காத்த பெருமையே அவருடைய சொந்தப் பாடல்களை மறைத்துவிட்டது. எனினும், ஒரு சுரம் எங்கு அசையும், எங்கு நிற்கும் என்பதைத் தாமே இசையமைத்துத் தேர்ந்திருந்தமையால்தான் அவரால் அவ்வளவு நுட்பமாகக் குறியிட முடிந்தது. ஆகவே ப்ரதர்சினியை வெறும் தொகுப்பு நூலாகக் கொள்ளாது, ஒரு வாக்கேயக்காரரின் படைப்பாகவும் கொள்வதே பொருந்தும்.