கைவழி வந்த மருத்துவம்

நோவு கண்ட இடத்தைக் கை தானே நாடும். சுளுக்கிய காலை உருவுவதும் வலிக்கும் வயிற்றைத் தடவுவதும் எவரும் கற்பித்து வந்தவை அல்ல. இயற்கையான இச்செயலைச் சீனர் ஒரு மருத்துவக் கலையாக வளர்த்தனர். அரசவையிலே உயர்ந்திருந்த அக்கலை எவ்வாறு வீழ்ந்தது, வீழ்ந்தும் எவ்வாறு பிழைத்தது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

சாங்ஷா நகரருகே மவாங்துய் என்னுமிடத்தில், கி. மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973இல் தோண்டப்பட்டது. அங்கே கிடைத்த பட்டு ஏடுகளில், தேய்த்தும் தடவியும் நோய் தீர்க்கும் முறைகள் காணப்படுகின்றன. மஞ்சட் பேரரசரின் பெயரால் வழங்கும் பண்டை மருத்துவ நூலோ ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு திசை கூறுகின்றது. கல்லூசி கிழக்கிலும், மருந்து மேற்கிலும், சூட்டுச் சிகிச்சை வடக்கிலும், நுண்ணூசி தெற்கிலும் பிறந்தனவாம். உடம்பு பிடித்தல், ஈரமான சமநிலத்தில் மிகுந்த உழைப்பின்றி வாழ்ந்த நடுநாட்டு மக்களிடையே தோன்றியதாம்.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வைத்தியர் சாங் சுங்ஜிங்கின் பெயரால் வழங்கும் நூலொன்று வியப்பூட்டுவது. கழுத்திறுகி மூச்சடங்கியவரைக் கிடத்தி, ஒருவர் மார்பை மீண்டும் மீண்டும் அழுத்த, மற்றொருவர் கைகால்களைத் தேய்த்து மடக்கி நீட்ட வேண்டும் என அது விதிக்கின்றது. இன்றைய முதலுதவியை இது நினைவூட்டவில்லையா?

தாங் வமிச காலத்தில் (618–907) அரச மருத்துவக் கழகத்தின் நான்கு துறைகளுள் ஒன்றாக இக்கலை விளங்கிற்று. அதற்கெனத் தனி ஆசிரியரும் மாணவரும் இருந்தனர். முறிந்த எலும்பையும் பிசகிய மூட்டையும் சீராக்குவதும் அவர்தம் கடமையே. பின்வந்த சுங் வமிசத்தார் அத்துறையை நீக்கினர். மிங் அரசர் மீண்டும் ஏற்படுத்தினர். ஆயினும் 1571இல் அது மறுபடியும் நீக்கப்பட்டது.

அரசு கைவிட்டதைக் குழந்தைகள் காத்தனர் எனலாம். கசப்பு மருந்தை விழுங்க மறுக்கும் பாலருக்கு விரலையும் உள்ளங்கையையும் முதுகையும் தேய்க்கும் முறை பரவிற்று. 1601இல் வெளிவந்த யாங் ஜிசோவின் ஊசிமருத்துவப் பெருநூலில் குழந்தைகளுக்கான பகுதியொன்று சேர்க்கப்பட்டது. தள்ளுதல், பற்றுதல் எனப் பொருள்படும் 'துய்நா' என்ற பெயரும் இக்காலத்தில் வழங்கலாயிற்று.

1929இல் பழைய மருத்துவம் முழுவதையுமே ஒழிக்கத் தீர்மானம் எழுந்தது. வைத்தியர்கள் ஷங்காயில் திரண்டு எதிர்த்தமையால் அது நிறைவேறவில்லை. அதே நகரில் 1956இல் இக்கலைக்குப் பயிற்சி வகுப்புத் தொடங்கியது. இடுப்புவலி, கழுத்துவலி முதலியவற்றுக்கு இன்றும் பலர் இதனை நாடுகின்றனர். ஆயினும் எலும்பு முறிவு, புண், இரத்தக் கட்டு உள்ள இடத்தை அழுத்துவது ஆபத்தானது. முதலில் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

ஹான் வமிசத்து நூற்பட்டியலில் உடம்பு பிடித்தல் பற்றிய பத்துச் சுருள்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றேனும் இன்று இல்லை. ஏடு அழிந்தும் கலை அழியாதிருந்தது, குருவின் கையிலிருந்து மாணவன் கைக்கு அது இடையறாது சென்றமையாலன்றோ!