ஸ்ரீபெரும்புதூர் போனில் கேம்பாய்: எமுலேட்டருக்கு எவ்வளவு பவர் வேணும்?

எங்களுக்கு அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு: "கேம்பாய், பிஎஸ்பி கேமெல்லாம் போன்ல ஓட்ட எவ்வளவு பவர் வேணும் ப்ரோ?" ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரான போன்களை வச்சு அதைச் சொன்னா, கணக்கோட சேர்ந்து கிட்டத்தட்ட 20 வருஷ வரலாறும் வெளியில வருது. இன்னைக்கு அந்த ரூட்ல போவோம்.

முதல்ல கணக்கு. 1989-ல வந்த நின்டெண்டோ கேம்பாயோட சிப் வேகம் 4.19 மெகாஹெர்ட்ஸ். மெமரி 8 கிலோபைட். 2001-ல வந்த கேம்பாய் அட்வான்ஸ் 16.78 மெகாஹெர்ட்ஸ். 2004-ல வந்த நின்டெண்டோ டிஎஸ்ல 67, 33 மெகாஹெர்ட்ஸ்னு ரெண்டு சிப். அதே வருஷம் வந்த சோனி பிஎஸ்பி 333 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். "அப்போ 17 மெகாஹெர்ட்ஸ் போன் இருந்தா அட்வான்ஸ் கேம் ஓடிடுமா?"ன்னு கேட்டா, ஓடாது.

ஏன்? ஒரு தேர்தல் பொதுக்கூட்டத்தை நினைச்சுக்கோங்க. வடக்குல இருந்து வந்த தலைவர் இந்தியில ஒரு வரி பேசுறார். பக்கத்துல நிக்கிறவர் அதைத் தமிழ்ல சொல்றார். 10 நிமிஷப் பேச்சு 20 நிமிஷம் ஆகுது. எமுலேட்டர்ங்கிறது அந்த மொழிபெயர்ப்பாளர்தான். பழைய சிப்போட ஒவ்வொரு கட்டளையையும் எடுக்கணும், என்னன்னு பார்க்கணும், செய்யணும், அடுத்ததுக்குப் போகணும். அசல் சிப் ஒரே கட்டளையில முடிச்ச வேலைக்கு இங்க பத்து, இருபது கட்டளை ஆகும். இதுபோக, கேம்பாய்ல திரை வரையறதுக்கும் சத்தத்துக்கும் தனி சர்க்யூட் இருந்துச்சு. அந்த வேலையையும் மென்பொருள்தான் செய்யணும். ஒரு ஃபிரேமுக்கு 70,224 கிளாக் சுற்று, விநாடிக்குக் கிட்டத்தட்ட 60 ஃபிரேம். ஒரு ஃபிரேம் லேட் ஆனாலும் பாட்டு விக்கும், கேம் திணறும்.

இந்தக் கணக்கை நோக்கியாவுல போட்டுப் பார்ப்போம். 2003-ல வந்த என்-கேஜ், 6600 ரெண்டுலயும் 104 மெகாஹெர்ட்ஸ் சிப். கேம்பாயைவிட 25 மடங்கு வேகம், அதனால அந்த கேம்கள் ஓடிச்சு. ஆனா கேம்பாய் அட்வான்ஸோட ஒப்பிட்டா 6 மடங்குதான். அங்கதான் மூச்சு முட்டுச்சு: ஃபிரேமைத் தாண்டித் தாண்டிக் காட்டணும், சத்தத்தை அணைக்கணும். 2007-ல வந்த என்95-ல 332 மெகாஹெர்ட்ஸ். அதாவது 20 மடங்கு. ஒரு கைக்கருவியை இன்னொரு கருவியில நிம்மதியா ஓட்டணும்னா, குறைஞ்சது இந்த அளவு இடைவெளி வேணும்.

என்-கேஜ், என்95 எல்லாம் பணக்காரப் போன். நம்ம ஊர்க் கதை வேற. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி உற்பத்தியைத் தொடங்குச்சு. லைன்ல நின்னவங்க பெரும்பாலும் இளம்பெண்கள். அந்தக் காலத்து நோக்கியா போன்ல பேட்டரியைக் கழட்டினா உள்ள ஒரு ஸ்டிக்கர் தெரியும். அதுல 'மேட் இன் இந்தியா'ன்னு இருந்தா, அது இந்த ஊர் போன்.

இந்த மாதிரி விலை குறைஞ்ச போன்ல சிம்பியன் கிடையாது, ஜாவா மட்டும்தான். அதுக்கும் 'மீபாய்'னு ஒரு எமுலேட்டர் இருந்துச்சு. கேம்பாய் கேமைக் கம்ப்யூட்டர்ல ஜார் ஃபைலா மாத்தி, புளூடூத்ல போனுக்கு அனுப்பணும். ஸ்கூல் படிக்கும்போது அப்பா போன்ல நானும் போட்டுப் பார்த்திருக்கேன். கேரக்டர் தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி நடக்கும். காரணம் எளிமை: போன் ஜாவாவை மொழிபெயர்க்குது, அந்த ஜாவா கேம்பாயை மொழிபெயர்க்குது. மேடையில ரெண்டு மொழிபெயர்ப்பாளர் வரிசையா நின்னா எப்படி இருக்கும்? அப்படி.

அந்த ஃபேக்டரி 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்னுபோச்சு. காரணத்தைக் கவனிங்க. போன்ல ஏத்துற மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்குக் கொடுத்த பணத்துக்கு வரி பிடிக்கலைன்னு வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல கேட்டுச்சு. சொத்து முடக்கப்பட்டுச்சு. 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்போ, இந்த ஃபேக்டரி கைமாற முடியலை. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்துல செஞ்சு கொடுத்தாங்க, அதுவும் நின்னுச்சு. பல ஆயிரம் பேருக்கு வேலை போச்சு. மெஷினும் ஆளும் சரியாத்தான் இருந்தாங்க. மென்பொருள் மேல வந்த வழக்கும், ஸ்மார்ட்போன் சந்தையில நோக்கியா விழுந்ததும் சேர்ந்து கதையை முடிச்சுது.

அடுத்த கட்டம் 2019. ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர்ல ஐபோன் எக்ஸ்ஆர் தயாரிக்க ஆரம்பிச்சுது. பழைய நோக்கியா வளாகத்தை சார்ஜர் தயாரிக்கிற சால்காம்ப் வாங்குச்சு. எக்ஸ்ஆர்ல இருக்கிற சிப் சுமார் 2,490 மெகாஹெர்ட்ஸ். கேம்பாயைவிடக் கிட்டத்தட்ட 600 மடங்கு. பவர் பிரச்சினை முடிஞ்சுதா? முடிஞ்சுது. கேம் ஓடுச்சா? ஆப் ஸ்டோர் வழியா ஓடலை. 2024 ஏப்ரல் வரைக்கும் இந்த மாதிரி எமுலேட்டர்களை ஆப்பிள் அனுமதிக்கலை. விதி மாறின சில நாள்லயே ரைலி டெஸ்டட் உருவாக்கின 'டெல்டா' வந்துச்சு, அமெரிக்க ஆப் ஸ்டோர்ல முதலிடத்துக்குப் போச்சு. அதாவது நம்ம ஊர்ல செஞ்ச அந்த போன், நாலு வருஷத்துக்கு மேல அனுமதிக்காகக் காத்துக்கிடந்துச்சு.

இன்னும் ஒரு பூட்டு மிச்சம் இருக்கு. நம்ம மொழிபெயர்ப்பாளர் புத்திசாலின்னு வைங்க. தலைவர் அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்றார்னு கவனிச்சு, முதல் தடவையே மொழிபெயர்ப்பை எழுதி வச்சுக்கிறார், அடுத்த தடவை பார்த்துப் படிச்சுடுறார். இதுக்குப் பேர் ஜிட். வேகம் பல மடங்கு கூடும். ஆனா மேடையில எழுதின பேப்பரைப் படிக்கக் கூடாது, முன்னாடியே எங்ககிட்ட காட்டினதை மட்டும்தான் படிக்கணும்ங்கிறது ஐபோன் விதி. பாதுகாப்புதான் அவங்க சொல்ற காரணம். 2024 மே மாசம் பிஎஸ்பி எமுலேட்டரான பிபிஎஸ்எஸ்பிபி ஜிட் இல்லாமலேயே வந்துடுச்சு, ஏன்னா இன்னைய சிப்புக்கு பிஎஸ்பியை வரிக்கு வரி மொழிபெயர்க்கவே தெம்பு இருக்கு. கேம்கியூப், வீ கேம்களை ஓட்டுற டால்பின் டீம், ஜிட் இல்லாம முடியாதுன்னு ஒதுங்கிட்டாங்க.

நின்டெண்டோ தொடுத்த வழக்குல, அதே 2024 மார்ச்ல ஸ்விட்ச் எமுலேட்டரான யூசூ 24 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டு மூடுச்சு. கூடவே அவங்களோட 3டிஎஸ் எமுலேட்டர் சிட்ராவும் போச்சு.

அந்த வருஷம் ஆகஸ்ட்ல ஒரகடம் பக்கத்துல வல்லம் வடகால்ல 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குற குடியிருப்பு திறந்தாங்க. இந்தப் பக்கம் இப்போ உற்பத்தி எவ்வளவு பெருசுன்னு அந்த எண் சொல்லும்.

இப்போ இன்னொரு திருப்பம். அந்த நோக்கியாக்களே எமுலேட்டருக்குள்ள போயிடுச்சு. சிம்பியன், என்-கேஜ் கேம்களை ஆண்ட்ராய்டுல ஓட்ட 'ஈகேஏ2எல்1' இருக்கு. ஜாவா கேம்களுக்கு 'ஜே2எம்ஈ லோடர்' இருக்கு. அந்தக் காலத்து மென்பொருளைத் தன்னார்வலர்கள் காப்பாத்திட்டாங்க. அதை ஓட்டின போனைச் செஞ்சவங்களோட எட்டு வருஷத்தை யாராவது பதிவு பண்ணணும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவுல வேலை பார்த்தவங்க உங்க வீட்டுல, தெருவுல இருந்தா, உட்கார்ந்து பேசி ஆடியோவா எடுத்து வைங்க. அதுக்குக் கையில இருக்கிற போனே போதும்.

கேள்விக்குப் பதில்: கேம்பாய்க்கு 100 மெகாஹெர்ட்ஸ், அட்வான்ஸுக்கு 300, பிஎஸ்பிக்கு இன்னைய நடுத்தர போன். அதுக்கு மேல ஓடுமா ஓடாதாங்கிறதை விதி எழுதுறவங்கதான் முடிவு பண்றாங்க.