ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

போன எபிசோடு போசிக்ஸ் பற்றி. அதுக்கு ஒரு கேள்வி வந்திருந்தது: "ஸ்டாண்டர்டுல இல்லாத ஒரு வசதியை கம்பைலர் தருது, வேலை சீக்கிரம் முடியுது. எடுத்துக்கிட்டா என்ன தப்பு?" சி கோடு காட்டி இதை விளக்கலாம். ஆனா எங்க பக்கத்துலயே இதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

ஆமத்தூர்க்காரங்களுக்கு அச்சுன்னா சிவகாசிதான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க ஆரம்பிச்ச ஊர், காலண்டர், கல்யாணப் பத்திரிகைன்னு வளர்ந்தது. கம்ப்யூட்டர் வந்தப்போ டிடிபிக்குத் தமிழ் தேவைப்பட்டது. ஆனா ஆஸ்கி தரத்துல தமிழுக்கு இடமே கிடையாது. அதனால எழுத்துரு செய்தவங்க ஆளாளுக்கு ஒரு இடம் பிடிச்சாங்க. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்துவிட்டு எழுத்துருவை எடுத்துப் பாருங்க: ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. கோப்பில் உண்மையா இருக்கிறது அவ்வளவுதான். வேறொரு கம்பெனி எழுத்துருவில் அதே கோப்பைத் திறந்தால் வேற ஏதோ வரும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும், இன்னைக்கும் பலர் தட்டுற தமிழ் 99 விசைப்பலகையும் அதில் வந்தவை. வெளிநாட்டுத் தமிழர்கள் இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு முறையைப் புழங்கிக்கிட்டு இருந்தாங்க. ஒரே தரம் வேணும்னு உட்கார்ந்தா, பட்டியல்தான் நீளமாச்சு!

இத்தனைக்கும் 1991-லேயே யூனிகோடில் தமிழ் இருந்தது. இந்திய அரசின் இஸ்கி முறையைப் பார்த்துப் போட்ட 128 இடங்கள். அதில் 'க' ஒரு குறியீடு, 'கி' இரண்டு. 247 எழுத்தில் பெரும்பாலானவை இப்படி ஒட்டுப்போட்டுத்தான் வரும். எழுத்துக்கு ஒரு குறியீடு வேணும்னு கேட்டவங்க டேஸ் 16 என்ற முறையை உருவாக்கினாங்க. அவங்க வாதம் வெறும் உணர்ச்சி இல்லை. எழுத்தை எண்ணவும் பிரிக்கவும் அது நிஜமாவே எளிது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாகவும், டேஸ் 16-ஐ மாற்றுத் தரமாகவும் ஆணையிட்டது.

சிக்கல் அது உட்கார்ந்த இடத்தில். யூனிகோடில் தனியார் பயன்பாட்டுப் பகுதின்னு ஒன்று உண்டு. யாரும் எதையும் வைக்கலாம். அதுக்கு யூனிகோடு அமைப்பு எந்தக் காலத்திலும் பொருள் தராது. அனுப்புறவரும் வாங்குறவரும் முன்கூட்டியே பேசி வைக்கலைன்னா, திரையில் வெறும் கட்டங்கள். தரத்துக்குள்ளேயே இருக்கிற மாதிரி தெரியும், ஆனா வெளியே இருக்கு.

மைக்ரோசாஃப்ட் ஜாவாவில் செய்ததும் இந்த வகைதான். அவங்க சேர்த்த வசதிகளை நம்பி எழுதின நிரல் விண்டோஸில் மட்டும் ஓடும். ஜாவாவின் நோக்கத்துக்கே அது நேர் எதிர். சன் நிறுவனம் 1997-இல் வழக்குப் போட, 2001-இல் சமரசம் ஆச்சு.

சன்னுக்காவது வழக்குப் போட வழி இருந்தது. பழைய டிடிபி கோப்புக்கு என்ன வழி? மாற்றிகள் இருக்கு, இலவசமாகவே. ஆனா எந்த வரி எந்த எழுத்துருன்னு தெரிஞ்சாத்தான் அவை வேலை செய்யும். வெறும் உரையா நகல் எடுத்தா அந்தத் தகவல் போயிடும். பாமினி மாற்றியில் ஒரு கல்யாணப் பத்திரிகையை அப்படியே போட்டுப் பாருங்க. மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி ஆங்கிலத்தில் இருந்த பி.இ. பட்டமும் சேர்ந்து தமிழ் எழுத்தா மாறி நிற்கும்.