அனைத்தாசியப் பட்டமும் அயலூர் மல்லரும்

மற்போர் நம்மவர்க்குப் புதிய கலையன்று. பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டத்தைத் தாங்கினான். அவன் பெயரால் அமைந்த கடற்கரைப் பட்டினத்தை நாம் இன்றும் மாமல்லபுரம் என்றே அழைக்கிறோம். அவனுக்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே, சோழர் குடியிற் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்பான், தந்தையோடு மாறுபட்டு வேற்றூரில் வறுமையில் வாழ்ந்தபோது, ஆமூர் மல்லனோடு பொருது வென்றான் எனப் புறநானூறு கூறும். அவன்மீது அன்பு கொண்ட நக்கண்ணையார் என்னும் புலவர் ஒரு நுட்பமான செய்தியைத் தருகிறார். அந்த ஊரும் நாடும் கிள்ளிக்கு உரியவை அல்ல. ஆகவே வெற்றி அவனுடையதே என்று சிலரும், அன்று என்று சிலருமாக ஊரார் இருவேறாகப் பேசினராம். மல்லனின் வலிமையைக் கண்ணாரக் கண்ட பின்னும், அவன் எவ்வூரான் என்ற கேள்வி ஓயவில்லை என்பதே இதன் பொருள்.

இக்கேள்வி தொலைதூர ஜப்பான் நாட்டிலும் ஒரு மற்போர்ப் பட்டத்தின் வரலாறு முழுவதும் ஊடாடி நிற்கிறது. அனைத்தாசியப் பட்டம் என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் 'அனைத்து' என்ற அடைமொழியோடு வழங்கும் இதனை, ஜப்பானியர் தம் மொழியில் வெறுமனே 'ஆசியப் பட்டம்' என்றே குறிப்பர். பிறந்த மண்ணை விட்டு அயல்மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று.

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜப்பான், 1952ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில்தான் அந்நியப் படைகளின் ஆட்சியிலிருந்து விடுபட்டது. அடுத்த ஆண்டு அங்குத் தொலைக்காட்சி தொடங்கியது. வீட்டிற்கு ஒரு பெட்டி வாங்க இயலாத மக்கள், நிலையங்களின் முன்னும் நாற்சந்திகளிலும் நிறுவப்பட்ட பொதுப் பெட்டிகளின் எதிரே திரண்டு நின்றனர். 1954 பிப்ரவரி 19ஆம் நாள் அவர்கள் கண்டது ஒரு மற்போர். ரிக்கிடோசான் என்னும் வீரர், கிமுரா என்பாருடன் சேர்ந்து, ஷார்ப் சகோதரர் என்னும் நெடிய வெள்ளையர் இருவரை எதிர்த்தார். அவர் கையை விரித்து ஓங்கி அறைந்தபோதெல்லாம் தெருவே ஆர்ப்பரித்தது. அமெரிக்கரை நம்மவர் அடிக்கிறார் என்று மக்கள் மகிழ்ந்தனர். உண்மையில் அச்சகோதரர் கனடா நாட்டினர். அதனை எண்ணிப் பார்ப்பார் அன்று யாருமில்லை.

அடுத்து வந்தது 1955ஆம் ஆண்டு. ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் இருபத்தொன்பது கூடிப் பேசின. ஆசியா என்ற சொல்லுக்குப் புதியதொரு மதிப்பு ஏற்பட்டிருந்த அவ்வாண்டின் நவம்பர் திங்களில், ஜப்பானில் அனைத்தாசியப் பட்டங்கள் இரண்டு நிறுவப்பட்டன. ஒன்று தனிவீரர்க்கு உரியது. மற்றொன்று இரட்டையர்க்கு உரியது. இரட்டையர் போரில் பக்கத்திற்கு இருவர். ஒருவர் களத்தில் பொருத, மற்றவர் கயிற்றுக்கு வெளியே காத்திருப்பார். உள்ளே இருப்பவர் தளர்ந்தால், துணைவரின் கையைத் தொட்டுவிட்டு வெளியேறலாம்; துணைவர் உட்புகுவார்.

இரட்டையர் பட்டத்திற்கான இறுதிப் போட்டி நவம்பர் 16ஆம் நாள் நடைபெற்றது. ஒரு பக்கம் ரிக்கிடோசானும் ஹெரால்டு சக்காட்டாவும். எதிர்ப்பக்கம் கிங்காங்கும் டைகர் ஜோகிந்தர் சிங்கும். வென்றவர் கிங்காங்–ஜோகிந்தர் சிங் இணையே. ஆகவே, அப்பட்டத்தின் வரலாற்றேட்டில் முதல் வரியிலேயே ஓர் இந்தியர் பெயர் இடம்பெற்றுள்ளது.

அந்நால்வரும் யார் என்று சற்றே நோக்குவோம். மலைபோன்ற உடல் வாய்ந்த கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா. ஹங்கேரிய மரபினரான அவர், சிங்கப்பூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் புகழ் ஈட்டியவர். ஜோகிந்தர் சிங் பஞ்சாபியர். சக்காட்டா, ஹவாய்த் தீவில் ஜப்பானியப் பெற்றோர்க்குப் பிறந்தவர். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சார்பில் பளு தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். 1964இல் வெளிவந்த 'கோல்டுஃபிங்கர்' படத்தில் தொப்பியை ஆயுதமாக வீசும் அடியாளாக நடித்தவரும் இவரே. எஞ்சியவர் ஜப்பானின் தேசிய வீரரெனக் கொண்டாடப்பட்ட ரிக்கிடோசான். அவரும் ஜப்பானில் பிறந்தவர் அல்லர். 1924இல் கொரியாவில் பிறந்தவர். ஆக, ஜப்பானில் நிறுவப்பட்ட அப்பட்டத்திற்காக முதன்முதலிற் களத்தில் இறங்கிய நால்வருள் ஒருவரேனும் ஜப்பானிய மண்ணிற் பிறந்தவரல்லர்!

ஆறு நாள் கழித்து, நவம்பர் 22ஆம் நாள், டோக்கியோவின் குராமே மன்றத்தில் ரிக்கிடோசான் கிங்காங்கை வென்று தனிவீரர் பட்டத்தைப் பெற்றார். இங்கு ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். தொழில்முறை மற்போரில் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் போட்டியை நடத்துவோரால் முன்கூட்டியே வகுக்கப்படுவன. அடியும் விழுச்சியும் மெய். முடிவு மட்டும் ஏற்பாடு. அவ்வாறாயின் அப்பட்டத்திற்கு வரலாறு என ஒன்று உண்டோ என்று வினவலாம். உண்டு. எந்த வீரனை உச்சியில் காண மக்கள் விரும்பினர் என்பதன் வரலாறு அது. அயலவர் முதலில் வெல்ல, நம்மவர் பின்னர் மீட்டல் என்பது கூத்து மேடைகள் யாவும் அறிந்த உத்தி. கிங்காங் முதலில் வென்றதும் ஆறே நாளில் தோற்றதும் அவ்வகையில் பொருள் உடையனவே.

ஆனால் மக்கள் 'நம்மவர்' என்று கொண்டாடியவரின் நெஞ்சில் என்ன இருந்தது? கிம் சின்-ராக் என்னும் கொரியச் சிறுவனாகப் பிறந்த அவர், சுமோ என்னும் மரபு மற்போருக்காக ஜப்பானுக்கு அழைத்துவரப்பட்டவர். சுமோவில் மூன்றாம் உயர்நிலையான செக்கிவாக்கே வரை உயர்ந்து, 1950இல் அதனைத் துறந்தார். ஜப்பானியக் குடும்பப் பெயரை ஏற்று, நாகசாகிப் பகுதியில் பிறந்தவராகவே உலகத்தார்க்கு அறிமுகமானார். கொரியர் இழிவாக நடத்தப்பட்ட காலம் அது. தம் பிறப்பை வெளியிட்டிருந்தால் அந்தத் தெருக்கூட்டம் அவரை அவ்வாறே தோளில் தூக்கியிருக்குமா என்பது ஐயமே. 1963 டிசம்பரில் டோக்கியோவின் இரவு விடுதி ஒன்றில் கத்திக்குத்துக்கு ஆளாகி, ஒரு வாரத்தில், 15ஆம் நாள், அவர் உயிர் துறந்தார். அவர் கொரியர் என்பதைப் பெரும்பாலான ஜப்பானிய மக்கள் அறிந்தது பல ஆண்டுகட்குப் பின்னரே.

பட்டமோ அவரோடு மறையவில்லை. 1968இல் தனிவீரர் பட்டம் கிந்தாரோ ஓக்கியிடம் சேர்ந்தது. அவரும் கொரியரே, இயற்பெயர் கிம் இல். ரிக்கிடோசானிடம் பயில வேண்டுமென்ற வேட்கையால் ஆவணமின்றிக் கப்பலேறி ஜப்பான் வந்து, பிடிபட்டுக் காவலில் இருந்து, அந்த ஆசானின் முயற்சியாலேயே விடுதலை பெற்றவர். இரட்டையர் பட்டத்தை 1969இல் யோஷிமுராவுடன் சேர்ந்து பெற்றவர் அந்தோனியோ இனோகி. யோகோகாமாவிற் பிறந்த இவர், 1957இல் பதினான்கு வயதில் குடும்பத்தாருடன் பிரேசில் நாட்டிற்குக் குடிபெயர்ந்து, காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். 1960இல் அந்நாட்டிற்கு வந்த ரிக்கிடோசானின் கண்ணில் பட்டுத் தாயகம் மீண்டார். ஏலப்பாறையிலும் பீர்மேட்டிலும் தேயிலைச் சரிவுகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கட்கு, தோட்டத்திலிருந்து களமேறிய அச்சிறுவனின் உழைப்பு எத்தகையது என்பதை யாரும் விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

ரிக்கிடோசான் நிறுவிய கழகம் 1973இல் கலைந்தது. எனினும் அவருடைய மற்றொரு மாணவரான ஜயண்ட் பாபாவின் அமைப்பு, 1976இல் அனைத்தாசியப் பட்டங்கட்குப் புத்துயிர் அளித்தது. தனிவீரர் பட்டம் பிற்காலத்தில் செல்வாக்கு இழந்தது. இரட்டையர் பட்டத்திற்கோ இன்றும் போட்டிகள் நடைபெறுகின்றன. ஜப்பானில் வழக்கில் உள்ள மற்போர்ப் பட்டங்களுள் மிகப் பழமையானது அதுவே.

நம் நாட்டு மல்லர் வரலாறும் இதனோடு இணைந்து செல்வதே. ஜப்பானில் முதற்பட்டம் பெற்ற ஜோகிந்தர் சிங்கை, அதற்கு முந்திய ஆண்டு, அதாவது 1954இல், பம்பாயில் வென்று 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்' என்னும் பட்டம் பெற்றவர் தாராசிங். அமிர்தசரஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1947இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்று, இரும்புப் பீப்பாய் ஆலையில் வேலை செய்துகொண்டே மற்போர் பயின்றவர் அவர். 1968இல் பம்பாயில் லூ தெஸ் என்னும் அமெரிக்கரை அவர் வென்ற செய்தி நாடெங்கும் பரவியது. மொழியும் எல்லையும் அப்புகழைத் தடுக்கவில்லை. 1985இல் வெளிவந்த 'முத்தாரங்குன்னு பி. ஓ.' என்னும் மலையாளப் படத்தில் அவர் தாராசிங்காகவே தோன்றியபோது, கேரள மக்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே எழவில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பட்டத்தின் பெயரில் ஒரு கண்டமே அடங்கியிருந்தது. அப்பெயருக்குப் பொருள் தந்தவர்களோ ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். சிங்கப்பூரை இல்லமாக்கிய ஹங்கேரியரும், கடல் கடந்த பஞ்சாபியரும், காவலில் இருந்த கொரியரும், காப்பித் தோட்டத்துச் சிறுவரும் இல்லையேல் அந்த ஏட்டின் முதற்பக்கங்கள் வெறுமையாகவே இருந்திருக்கும். ஆயினும் அவர்களுள் ஓங்கி நின்ற ஒருவர், போற்றப்படுவதற்காகத் தம் பிறப்பையே மறைத்து வாழ வேண்டியிருந்தது. அவர் கொடுத்த விலை அது. பிறந்த ஊரைச் சொல்லியும், வாழும் ஊருக்கு உழைத்தும், இரண்டிடத்தும் தலைநிமிர்ந்து நிற்கும் உரிமையே எந்தப் பட்டத்தினும் பெரிது. அவ்வுரிமை நமக்கு உள்ளவரையில் நம் பிள்ளைகட்குத் தாய்மொழியையும் கற்பிப்போம்; அண்டை வீட்டாரின் மொழியையும் மதித்துக் கற்பிப்போம்.